இரண்டு மாத முன்பணம்

ஸுல்மிரா காப்பிக் கெண்டியைச் சூட்டோடு வைத்தது மார்ச்சில்.
நான் பார்த்தது நேற்று,
மேசைவிரிப்பை மடித்துப் பெட்டியில் போட்டபோது.
செஸ்நட் மரத்தின் நட்டநடுவில்
பால் சிந்தி உறைந்ததுபோல்
ஒரு வெள்ளை வட்டம்.

நாளை காலை பத்துக்கு வருகிறார் அபீலியு.
எங்கள் இரண்டு மாத வாடகை
முன்பணமாக அவரிடம் உட்கார்ந்திருக்கிறது.
அவள் ஃபாரோவுக்கு, நான் பிராகாவுக்கு.
எவோராவில் ஞாயிறு மாலை;
தெருமுனைக் கடை சாத்தியாகிவிட்டது.

கட்டாமல் விட்டவை சமையலறையில் நான்குதான்.
ஆலிவ் எண்ணெய், அடியில் கொஞ்சம் வினிகர்,
உப்பு,
கிறிஸ்துமஸுக்கு வாங்கி உடைக்காத ஒரு வால்நட்.
"சாலட் செய்யலாம்" என்றாள்.
"மேசைக்கு" என்றேன்.

உப்பை எண்ணெயில் குழைத்தேன்,
புண்ணுக்குக் களிம்பு குழைக்கிற அதே கையால்.
மரத்தின் ரேகை ஓடும் திசையில் மெதுவாக.
குறுக்கே தேய்த்தால் கீறும் என்று
யாரும் சொல்லவில்லை,
முதல் தேய்ப்பிலேயே மரம் சொன்னது.
அரைமணி நேரம் அப்படியே விட்டோம்.
அந்த அரைமணியில் பழைய மின்கட்டணச் சண்டையை
மறுபடி எடுத்தோம், மறுபடி வைத்தோம்.

வட்டம் போய்விட்டது.
போன இடம் பளபளத்தது.
அதுதான் தொல்லை:
சுற்றியிருந்த மேசை முழுதும்
திடீரென்று அழுக்காகத் தெரிந்தது.

ஜாம் பாட்டிலில் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு எண்ணெய்.
குலுக்கும்வரை ஒன்று;
கீழே வைத்த கணத்தில்
இது மேலே, அது கீழே.
குலுக்கிக்கொண்டே இருந்தாள் ஸுல்மிரா.
அவளுடைய ஃபிளானல் பைஜாமாவின் ஒரு கால்
கத்தரிக்கோலில் போனது.
துணி கறுத்தது, மடித்தேன், மறுபக்கமும் கறுத்தது.
எங்கள் மூன்று வருட விரல்கள் மட்டுமல்ல,
எங்களுக்கு முன்னால் இங்கே
சூப்பு குடித்தவர்களின் முழங்கைகளும்.

மேசை முடிந்ததும் நாற்காலிகள் முறைத்தன.
நாற்காலிகள் முடிந்ததும் அலமாரி.
அலமாரிக் கதவில் பூனை கிழித்த கோடு.
வால்நட்டை உடைத்து, பருப்பைக் கோட்டின் மேல் உரசினோம்.
கோடு பழுப்பாகி மங்கியது.
மிச்சப் பருப்பை ஆளுக்குப் பாதி தின்றோம்.
இரவு இரண்டு மணிக்கு
கதவின் நிலைச்சட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்,
ஏன் என்று எனக்கே தெரியாமல்.
வினிகர் நெடி போக எல்லாவற்றையும் திறந்துவைத்தோம்.
தேவாலய மணி உள்ளே வந்தது. கொசுவும்.

பத்து ஐந்துக்கு அபீலியு.
கையில் தாள், காதில் பென்சில்.
வாசிக்க வாசிக்க நாங்கள் தலையாட்டினோம்.
மேசை.
சன்னல்.
அலமாரி.
சாவி.
மேசை என்றபோது மேசையைப் பார்க்கவில்லை.
சன்னலில் மட்டும் நின்று
கொண்டியை மூன்று முறை ஆட்டினார்.
சாவி இரண்டுக்கு ஒன்றுதான் இருந்தது;
பன்னிரண்டு யூரோ கழித்துக்கொண்டார்.
மூக்கைச் சுருக்கி,
"நல்ல வாசனை, சமைத்தீர்களா?" என்று கேட்டார்.
தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.
குடித்து, தம்ளரை மேசைமேல் வைத்து,
குனிந்து கையெழுத்துப் போட்டார்.

தம்ளரை எடுத்த இடத்தில்
ஈரமாய், முழுசாய்
ஒரு வட்டம்.

என் கை பைஜாமாக் காலைத் தேடிப் போனது.
மணிக்கட்டைப் பிடித்தாள் ஸுல்மிரா.
"விடு. அது அவருடையது."

பேருந்து நிலையத்தில் அவளுடையது முதலில் வந்தது.
பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது
கைப்பிடி இருவர் கையிலும் வழுக்கியது.
அப்புறம் நான் ஒரு ரொட்டி வாங்கினேன்.
வெறும் ரொட்டி.
பிய்த்த விரல்களில்
எண்ணெய், புளிப்பு, கொஞ்சம் உப்பு
எல்லாம் ஏற்கெனவே இருந்தன.